மதகு உடைந்த நாளில் இரண்டு ரயில்கள்

சென்ற மாரியில் வடபாதை மீண்டும் வெள்ளத்தில் அகப்பட்டுக் கிடந்தபோது, வவுனியாவில் நான் வழக்கமாக முடி வெட்டுகிற கடையில் ஒருவர் சொன்னார்: “மழை பெய்தா ரெயில்காரருக்கு நல்ல லீவுதானே!”

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் கழுத்தில் துணியும் காதருகே கத்தரிக்கோலுமாக இருந்ததால் எழும்பிப் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்தும் கோபம் ஆறவில்லை. “எழுதித் தாங்கோ சேர், எங்களுக்கு உதவும்” என்று ரயில் திணைக்களத்தில் இப்போது இருக்கிற பிள்ளைகள் இரண்டு மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்காக எழுதாதவன், முடி வெட்டுகிற கடையில் பிறந்த கோபத்தில் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஊரில் பலர் நான் ரயில் ஓட்டினேன் என்று நினைக்கிறார்கள். ரயிலை ஓட்டுவது சாரதி. பாதையைப் பார்ப்பது பொறியியற் பகுதி. சமிக்ஞையைப் பார்க்க வேறு ஆட்கள். ரயிலுக்குள் ஏறுகிற சனத்தைப் பற்றி யோசிக்கவும் ஓர் ஆள் வேண்டும்: எங்கே ஏறுவார்கள், எங்கே இறங்குவார்கள், எந்த நேரம் வந்தால் அவர்களுக்கு உதவும், வராவிட்டால் அவர்களுக்கு என்ன ஆகும். வடபகுதியில் அந்த ஆளாகத்தான் என் கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருடம் போனது. பயணிகள் போக்குவரத்துக்குப் பொறுப்பான அதிகாரி.

என் தகப்பனார் வடமராட்சியில் இருந்து குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து முரசுமோட்டைக்கு வந்தவர். நானும் நெல்லுத்தான் விதைப்பேன் என்று எதிர்பார்த்தார். நான் நிலைய அதிபர் பரீட்சை எழுதினேன். கொழும்பில் பயிற்சி. மணி அடிக்கிற முறை, கொடி காட்டுகிற முறை, ஒற்றைப் பாதையில் இரண்டு ரயில்களை முட்டாமல் கடத்துகிற முறை, இவற்றோடு சிங்களமும் படித்தேன். பிறகு மலையகத்தில் சில வருடம், தென்கரையில் சில வருடம். அதற்கிடையில் யுத்தம் வந்து, வவுனியா வடபாதையின் கடைசி நிலையமாகிவிட்டது. அதற்கு அப்பால் இருந்த தண்டவாளங்கள் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகப் போயின. என் பெற்றோரும் தம்பிமாரும் அந்த அப்பால்தான் இருந்தார்கள். அந்தக் காலத்தைப் பற்றி எழுத நான் இங்கே உட்காரவில்லை. ஒன்று மட்டும்: வவுனியா மேடையின் வடக்கு முனையில் நின்று, பற்றை மூடிய பாதையைப் பார்க்கும்போதெல்லாம், இதில் ரயில் போகும் நாளில் நான் உத்தியோகத்தில் இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். இருந்தேன்.

என்னை உண்மையில் உருவாக்கியவர் ரத்நாயக்க. கொழும்புத் தலைமை அலுவலகத்தில் எனக்கு மேலதிகாரி. மெலிந்த மனிதர், சத்தமே வராது. ஆத்திரம் வந்தால் சத்தம் இன்னும் குறையும். அவர் பேச்சைக் கேட்க நாங்கள் முன்னால் குனிவோம், குனிந்த பிறகுதான் ஏச்சு என்று தெரியும். உத்தியோகத்தர்களுக்கென்று ஒதுக்கிய இருக்கையில் அவர் இருந்து நான் கண்டதில்லை. மூன்றாம் வகுப்பில், அதுவும் கடைசிப் பெட்டியில்தான் ஏறுவார். மேடை குட்டையான நிலையங்களில் கடைசிப் பெட்டி மேடைக்கு வெளியே நிற்கும். அங்கே இறங்குகிற சனம் என்ன பாடுபடுகிறது என்று அறிய அதைவிட நல்ல இடம் இல்லை என்பார்.

நான் அவரிடம் போன புதிதில், ஒரு மாலை ரயில் இயந்திரக் கோளாறால் புறப்படாமல் நின்றது. மேடை நிரம்பச் சனம். நான் ஒலிபெருக்கியில், “தாமதத்துக்கு வருந்துகிறோம்” என்று மூன்று மொழியிலும் அழகாகச் சொன்னேன். ரத்நாயக்க பக்கத்தில் வந்து நின்றார்.

“யாருக்குச் சொன்னாய்?”

“பயணிகளுக்கு, சேர்.”

“நீ வருந்துகிறாய் என்பதை வைத்துக்கொண்டு அந்த மனிதர் என்ன செய்வார்?” என்று, கையில் குழந்தையோடு நின்ற ஒருவரைக் காட்டினார். “பாலுக்குப் போய் வர நேரம் இருக்கிறதா இல்லையா என்று அவருக்குத் தெரியவேண்டும். முதலில் எப்போது என்று சொல். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல், எப்போது தெரியும் என்று சொல். பிறகு ஆறுதலாக வருந்தலாம்.”

என்னை ஒலிபெருக்கியை வைத்துவிட்டு மேடைக்கு இறங்கச் சொன்னார். சனத்துக்கு நடுவே நின்று, ஆள் ஆளாகச் சொன்னேன். ஏச்சு வாங்கினேன். ஆனால் அந்தக் குழந்தைக்காரர் பாலுக்குப் போய் வந்தார்.

வடக்கே பாதை திரும்பப் போடப்பட்டு ரயில் கிளிநொச்சிக்கும் பிறகு யாழ்ப்பாணத்துக்கும் ஓடத் தொடங்கியபோது, ரத்நாயக்கதான் என்னை வவுனியாவுக்கு அனுப்பினார். “உன் ஊர், உன் சனம். குறை சொன்னால் உனக்குத்தான் முதலில் சொல்வார்கள். போ.”

சொன்னார்கள். முதலாவதாக வந்தவா பரீதா. முல்லைத்தீவுப் பக்கத்துத் தண்ணீரூற்றுக்காரி. குடும்பத்தோடு இடம்பெயர்ந்து புத்தளத்தில் நீண்ட காலம் இருந்துவிட்டு, திரும்பி வந்து நாயாற்றில் கருவாடு வாங்கிக் கொழும்புக்கு அனுப்புகிற வியாபாரம் தொடங்கியிருந்தா. என் கந்தோருக்குள் நேரே வந்து கதிரையை இழுத்துப் போட்டு இருந்தா.

“சேர், உங்கட ரெயில் மாங்குளத்தில நிண்டாலும் ஒண்டுதான், நிக்காமப் போனாலும் ஒண்டுதான்.”

“ஏன் அப்பிடிச் சொல்றீங்கள்?”

“நாங்க இறங்கி வெளிய வரேக்க முல்லைத்தீவு பஸ் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு போகுது. அடுத்த பஸ் எப்ப எண்டு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். மாங்குளம் வரைக்கும் ரெயில் விட்டா முல்லைத்தீவுக்கு விட்ட மாதிரி எண்டு நினைச்சீங்களா?”

அப்படித்தான் நினைத்திருந்தேன். முல்லைத்தீவுக்குத் தண்டவாளம் இல்லை, மாங்குளம்தான் அந்த மாவட்டத்துக்கு வாசல். வாசலைத் திறந்துவிட்டு விறாந்தையை மறந்திருந்தேன். அடுத்த நாளே முல்லைத்தீவுக்குப் போய் பஸ் பகுதி முகாமையாளரைச் சந்தித்தேன். நேரசூசியை மாற்றுவது பெரிய வேலை, பல கையொப்பம் வேண்டும் என்றார். நேரசூசியை விட்டுவிடுவோம் என்றேன். ரயில் புளியங்குளத்தைத் தாண்டியதும் மாங்குளம் நிலைய அதிபர் பஸ் சாரதிக்குத் தொலைபேசியில் சொல்வார். சாரதி இன்னொரு தேநீர் குடித்துக் காத்திருப்பார். அவ்வளவுதான் ஏற்பாடு. முதல் நாள் பரீதா தொலைபேசியில், “சேர், பஸ் எங்களுக்காக நிக்குது! கொண்டக்டர் கைகாட்டிக் கூப்பிடுறான்!” என்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. வவுனியாவில் இருந்தபடி முல்லைத்தீவுக்கு ரயில் விட்டவன் நான் என்று அன்று முழுக்கப் பெருமைப்பட்டுக்கொண்டு திரிந்தேன்.

இனி அந்த வெள்ளம்.

அது ஒரு மார்கழி. மூன்று நாள் விடாமல் அடித்த மழை அன்று விடியத்தான் ஓய்ந்திருந்தது. குளங்கள் எல்லாம் நிரம்பி வான் பாய்ந்துகொண்டிருந்தன. காலையில் பாதையை நடந்து பார்க்கிற தொழிலாளர்கள் கனகராயன்குளத்துக்குக் கிட்ட, பாதைக்கு அடியால் தண்ணீர் போகிற ஒரு மதகு அப்படியே பெயர்ந்து கிடப்பதைக் கண்டு அறிவித்தார்கள். தண்டவாளம் மட்டும் ஊஞ்சல் போல அந்தரத்தில் தொங்கியது. அதை ஒட்டி ஓடுகிற கண்டி வீதியும் அந்த இடத்தில் தண்ணீருக்குள். பஸ், வான், கார் ஒன்றும் போகமுடியாது என்று பொலிஸ் மறித்துவிட்டது. நெடுங்கேணிப் பக்கத்துப் பாதையும் மன்னார்ச் சுற்றுப்பாதையும் மூடியாகிவிட்டது.

கொழும்பில் இருந்து வந்த ரயிலைப் புளியங்குளத்தில் நிறுத்தினோம். யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்குப் போகிற ரயிலை மாங்குளத்தில் நிறுத்தினோம். இரண்டிலும் நிறையச் சனம். இப்படியான நேரத்தில் வழக்கமாகச் செய்வது சுலபம்: இரண்டு ரயிலையும் ரத்துச் செய்து, வந்த வழியே திருப்பிவிடுவது. ரத்து என்று எழுத என் கையும் போனது.

அப்போதுதான் மாங்குளம் நிலைய அதிபர் பேசினார். “சேர், இஞ்சை ஒரு பொடியன் இருக்கிறார், நிரஞ்சன் எண்டு. விசுவமடு. ரெண்டு சிறுநீரகமும் பழுது. அவற்ற அக்கா ஒண்டு குடுக்கிறா. இண்டைக்கு ரெண்டு பேரும் கொழும்பு ஆஸ்பத்திரியில சேரவேணும். திருப்பிப் போகச் சொல்லி நான் எப்பிடிச் சொல்றது? நீங்களே கதையுங்கோ.”

அக்காதான் வாங்கிக் கதைத்தா. சுகந்தி என்று பெயர். அழவில்லை, கெஞ்சவுமில்லை. “சேர், இந்தத் திகதி கிடைக்க நாங்கள் எவ்வளவு காலம் பாத்தனாங்கள் தெரியுமோ? விட்டா அடுத்தது எப்பவெண்டு அவையளாலயும் சொல்லேலாதாம். தம்பிக்கு அவ்வளவு காலம் இல்லை. நடந்து போகலாமெண்டா நடந்து போறம். வழியைச் சொல்லுங்கோ.”

தொலைபேசியை வைக்க, பரீதா. “சேர், மாப்பிள்ளை உங்கட ரெயில்லதான் வாறார். புத்தளத்தில இருந்து அனுராதபுரம் வந்து ஏறினவங்க. இண்டைக்கு அஸர் தொழுகைக்குப் பிறகு என்ட மகளுக்கு நிக்காஹ். சோறு ஆக்கியாச்சு.”

இரண்டு ரயில்கள், நடுவே ஒரு உடைவு. ஒரு பக்கத்தில் இருக்கிற சனம் மறுபக்கம் போகவேண்டும், மறுபக்கத்தார் இந்தப் பக்கம் வரவேண்டும். அதைக் கடதாசியில் கீறிப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது: ரயில்கள் அப்படியே நிற்கட்டும், சனத்தை மாற்றினால் போதும்! கொழும்பு ரயில் யாழ்ப்பாணத்துச் சனத்தை ஏற்றிக்கொண்டு கொழும்புக்கே திரும்பும். யாழ்ப்பாண ரயில் கொழும்பிலிருந்து வந்தவர்களை ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் திரும்பும். புத்தகத்தில் இதற்கு விதி உண்டு. பயிற்சியில் படித்திருந்தேன். வடபாதையில் யாரும் செய்து நான் கண்டதில்லை.

உடைவுக்குத் தெற்கே கிட்டடியில் ஒரு கடவை இருந்தது. வடக்கே இன்னொரு கடவை. இரண்டு இடத்திலும் பாதை வீதியைத் தொடுகிறது. நான் வவுனியாவிலிருந்து தெற்குக் கடவைக்குப் போனபோது, பாதைக்குப் பொறுப்பான பொறியியலாளர் சிவபாலன் ஏற்கெனவே அங்கே நின்றார். “கடவை வரைக்கும் ரெண்டு பக்கமும் பாதை நல்ல திடமா இருக்கு. நடை வேகத்தில கொண்டு வந்தா நான் கையெழுத்து வைப்பன். ஆனா நடுவில தண்ணியை எப்பிடிக் கடத்தப்போறியள்?” என்றார்.

அதற்கு நான் கடவையில் நின்றவர்களைக் கேட்டேன். அங்கே ஊர்ச்சனம் கூடியிருந்தது. அவர்களுக்கு முன்னால் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு பெண் நின்றா. அந்த ஊர்க் கமக்கார அமைப்பின் தலைவி, யோகேஸ்வரி. புருசன் இல்லை. சொந்தமாக ஒரு பெரிய உழவு இயந்திரம் வைத்துத் தானே ஓட்டுகிறவா.

“அம்மா, இந்த வீதித் தண்ணியால உழவு மிசின் போகுமோ?”

“காலமை போகாது எண்டுதான் சொல்லியிருப்பன். இப்ப வடியுது. பெரிய மிசின் போகும், ரெண்டு சில்லு லான்ட்மாஸ்டர் போகாது. ஏன் கேக்கிறியள்?”

சொன்னேன். அவா தன் பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தா. பின்னால் அவர்களுடைய வயல்கள் கண்ணுக்கெட்டிய வரைக்கும் ஒரே வெள்ளக்காடாகக் கிடந்தன. கதிர் தள்ள இருந்த குடலைப் பருவத்து நெல் முழுக்க அதற்குள் இருந்தது.

“எங்கட வயல் தண்ணியோட போட்டுது, ஐயா. மிசினுகள் சும்மாதானே நிக்குது. எத்தினை வேணும்?”

பொலிஸ் பொறுப்பதிகாரி நியாயமான மனிதர். கயிறு கட்டி, வீதியின் இரண்டு ஓரத்துக்கும் கம்பு நட்டு, ஒருவரையும் நடந்து போக விடாமல், உழவு இயந்திரத்துக்குப் பின்னால் கொழுவுகிற பெட்டியில் இருத்தி ஏற்றினால் அனுமதிப்பேன் என்றார். அவர் சொல்லாவிட்டாலும் நான் அப்படித்தான் செய்திருப்பேன். இனி ரத்நாயக்கவின் சம்மதம் வேண்டும். தொலைபேசியில் அவர் சத்தம் வழக்கத்தைவிடக் குறைவாக இருந்தது. நான் சொல்லி முடிக்கும் வரை குறுக்கிடவில்லை. பிறகு கேட்டார்.

“தண்ணீர் ஏறுகிறதா, இறங்குகிறதா?”

“இறங்குகிறது, சேர். சிவபாலன் கம்பு நட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு விரல் ஏறினாலும் நிறுத்துவோம்.”

“வர விருப்பமில்லாதவர்கள்?”

“ரயிலிலேயே இருக்கலாம். திருப்பிக் கொண்டுபோய் விடுவோம். கட்டாயம் இல்லை.”

“சனத்துக்குச் சொன்னாயா?”

“நீங்கள் சம்மதித்தால் பெட்டி பெட்டியாக நானே போய்ச் சொல்வேன்.”

“நீ எங்கே நிற்பாய்?” என்றார்.

“தண்ணீருக்குள், சேர். நடுவில்.”

“சரி. செய். வேறு யாராவது கேட்டால் நான் சொன்னேன் என்று சொல்.”

அந்தக் கடைசி வசனத்துக்காக அவருக்கு நான் ஆயுள் முழுக்கக் கடமைப்பட்டவன்.

புளியங்குளத்துக்குப் போய் ரயிலில் ஏறி, ஒவ்வொரு பெட்டியாகச் சொன்னேன். உள்ளதைச் சொன்னேன்; மாங்குளத்து ரயிலில் நிலைய அதிபர் அதையே சொன்னார். மதகு உடைந்துவிட்டது. தண்ணீரைக் கடக்கவேண்டும். மறுபக்கம் ரயில் நிற்கும். வெளிச்சம் இருக்கும்போதே முடிப்போம். ஒரு பெரியவர் எழும்பிச் சத்தம் போட்டார். “யாழ்ப்பாணத்துக்கெண்டுதானே ரிக்கெற் தந்தனீங்கள்! உழவு மிசினில போறதுக்கோ காசு குடுத்தனான்?”

“ஐயா, உழவு மிசினுக்குக் காசு எடுக்கேல்லை. அது சும்மா” என்றேன். பெட்டி முழுக்கச் சிரித்தது, அவரும் சிரித்துவிட்டார். பிறகு முதல் ஆளாகப் பையைத் தூக்கியவரும் அவர்தான்.

கொடிக்காரர் இருவர் முன்னால் நடக்க, ரயில் நடை வேகத்தில் வந்து கடவையில் நின்றது. கடவையில் மேடை இல்லை. பெட்டி வாசலில் இருந்து நிலம் இடுப்பளவு பள்ளம். வயதானவர்களை எப்படி இறக்குவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, ஊர்ச்சனம் உரச்சாக்குகளில் மண்ணை நிரப்பி வாசலுக்கு வாசல் படி கட்டத் தொடங்கியிருந்தது. மாங்குளத்து ரயில் வந்து நின்ற வடக்குக் கடவையிலும் அப்படியே.

முதல் நடை ஆட்கள் இல்லாமல், நெல்மூட்டை மட்டும் ஏற்றி விட்டோம். மூட்டை நனையாமல் போய் வந்தது. இரண்டாவது நடையில் சிவபாலன் கம்போடு போனார். மூன்றாவதில் சனம். இங்கிருந்து வடக்கே போகிற பெட்டியில் கொழும்பிலிருந்து வந்தவர்கள், அங்கிருந்து திரும்பும்போது யாழ்ப்பாணத்தவர்கள். ஒரு பெட்டியும் வெறுமையாக ஓடவில்லை. நான் சொன்னபடி நடுவில், வயிற்றளவு தண்ணீரில், கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போகிறவர்களும் வருகிறவர்களும் நடுவில் சந்திக்கும்போது, “அங்கால ரெயில் நிக்குதோ?” “நிக்குது, நிக்குது, பயப்பிடாதேங்கோ!” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு போனார்கள். என் வேலையை அவர்களே செய்தார்கள்.

நிரஞ்சனையும் அக்காவையும் வடக்கிலிருந்து முதல் பெட்டியில் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். அவருக்கு முகம் ஊதியிருந்தது, கால் ஊதியிருந்தது. அக்கா அவருடைய ஆஸ்பத்திரிப் பையைத் தலையில் வைத்துப் பிடித்திருந்தா. என்னைத் தாண்டும்போது, “நீங்களோ சேர் போனில கதைச்சது?” என்று கேட்டா. ஓம் என்றேன். “குளிரப்போகுது, கனநேரம் நிக்காதேங்கோ” என்றா. தன் உடம்பில் ஒரு பாகத்தை அறுத்துக் கொடுக்கப் போகிறவா எனக்குச் சொன்ன புத்தி அது.

மாப்பிள்ளை வீட்டார் ஏறிய பெட்டி நடுத்தண்ணீரில் நின்றுவிட்டது. இயந்திரம் இரண்டு தரம் இருமி ஓய்ந்தது. பெண்கள் ஓதத் தொடங்கினார்கள். அலை அடித்துச் சில்லுக்குக் கீழே மண் அரிபடுவது எனக்குத் தெரிந்தது. பெட்டி வீதி ஓரத்துக் கம்பை நோக்கி மெல்ல நகர்ந்தது. “ஒருத்தரும் எழும்பாதேங்கோ! இருந்த இடத்தில இருங்கோ!” என்று கத்தினேன். அப்போது எனக்குள் இருந்த பயத்தை இங்கே குறைத்து எழுதப்போவதில்லை. ரத்நாயக்கவின் சம்மதமும் என் பெருமையும் எல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள் இருந்தன.

வடக்குக் கரையில் தண்ணீருக்குள் இறங்க வந்த யோகேஸ்வரி தன் பெட்டியில் இருந்தவர்களை அங்கேயே இறக்கி, பெட்டியையும் கழற்றிவிட்டு, இயந்திரத்தைத் திருப்பிப் பின்பக்கமாகத் தண்ணீருக்குள் இறக்கினா. சங்கிலியை என்னிடம் எறிந்தா. “கொழுவுங்கோ ஐயா! முன் கொளுக்கியில!” தண்ணீருக்குள் தலை தாழ்த்திக் கொழுவினேன். நிமிர்ந்தபோது பக்கத்தில் இன்னொருவர் நின்றார். வெள்ளைச் சாரமும் புதுச் சேட்டும் கழுத்து வரை நனைந்தபடி, பெட்டியைத் தோளால் தாங்கிக்கொண்டு.

“நீங்கள் ஆர்? ஏன் குதிச்சனீங்கள்?”

“நான்தான் மாப்பிள்ளை” என்றார்.

யோகேஸ்வரி இழுத்தா. சங்கிலி இறுகியது. பெட்டி அசைந்து, வீதி நடுவுக்கு வந்து, கரை ஏறியது. இரண்டு கரையிலும் நின்ற சனம் போட்ட சத்தம் மாங்குளம் வரை கேட்டிருக்கும். அதன் பிறகு ஒவ்வொரு நடைக்கும் இரண்டு இயந்திரம், சங்கிலி போட்டு. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. ஒரு பை தொலையவில்லை. கடைசி ஆள் ஏறிய பிறகும் மேற்கே வெளிச்சம் இருந்தது. இரண்டு சாரதிகளும், யாரும் சொல்லாமலே, ஒரே நேரத்தில் ஹோன் அடித்தார்கள். கொழும்பு ரயில், கடைசிப் பெட்டியில் கார்ட் கொடியோடு நிற்க, பின்னோக்கிப் புளியங்குளத்துக்கு ஊர்ந்தது. மற்றது வடக்கே போனது. நான் வீதியில் ஈர உடுப்போடு நின்று இரண்டையும் பார்த்தேன். முப்பது வருடத்துக்கு மேலான உத்தியோகத்தில் அப்படி ஒரு சந்தோசம் எனக்கு வந்ததில்லை.

நிக்காஹ் கொஞ்சம் பிந்தியது. மாப்பிள்ளை பெண்ணின் மாமாவுடைய சேட்டோடுதான் இருந்தாராம். எனக்கு ஒரு சட்டி புரியாணி மாங்குளத்துப் பஸ்ஸிலும் பிறகு கைமாறிக் கைமாறியும் அடுத்த நாள் வவுனியாவுக்கு வந்து சேர்ந்தது.

சில நாள் கழித்துக் கந்தோரில் கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது தொலைபேசி. சுகந்தி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து, சத்தம் இல்லாத சத்தத்தில், “சேர், தம்பி சலம் போறான்! நல்லாப் போறான்! டொக்டர்மாரே சிரிக்கினம்!” என்றா. நான் எழும்பி நின்று கூட்டத்தில் இருந்த அத்தனை உத்தியோகத்தருக்கும் அதை அப்படியே சொன்னேன். திணைக்களக் கூட்டமொன்றில் ஒரு மனிதர் சிறுநீர் கழித்ததற்குக் கைதட்டியது அந்த ஒரு தடவைதான் இருக்கும்.

மதகு திருத்தி முடிந்த பிறகு, யோகேஸ்வரி ஊர்ப் பெண்கள் சிலரோடு என் கந்தோருக்கு வந்தா. நன்றி சொல்ல வந்திருக்கிறா என்று நினைத்து நான் தேநீருக்குச் சொன்னேன்.

“ஐயா, அண்டைக்கு உங்கட சனத்தை நாங்கள் ஏத்தினம்.”

“ஓம் அம்மா. மறக்கேலுமோ?”

“எங்கட சனத்தை உங்கட கோச்சி ஏத்துமோ?”

நான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன்.

“எங்கட வாசலாலதான் போகுது. நாங்கள் ஏறவேணுமெண்டா பஸ் பிடிச்சுப் புளியங்குளம் போகவேணும். பள்ளிக்கூடப் பிள்ளையள், கிளினிக் போற சனம், மரக்கறி கொண்டு போறவை, எல்லாரும் கையைக் காட்டிப்போட்டு நிக்கினம். கடவையில நிண்டது ஒருக்கா. இனியும் நிண்டா என்ன?”

ஒற்றைப் பாதையில் ஒரு தரிப்பு கூட்டுவது லேசான காரியம் இல்லை. எதிர் ரயில் எங்கே காத்திருக்கும், எத்தனை பேருக்குப் பிந்தும் என்று எல்லாவற்றையும் மாற்றவேண்டும். ரத்நாயக்கவிடம் கேட்டேன். உடனே சம்மதிக்கவில்லை. வெள்ளத்தைப் பற்றி ஒரு பாராட்டும் அதுவரை அவர் சொல்லவில்லை. “உன் நன்றிக்கடனுக்காக நான் மற்றப் பயணிகளைத் தாமதப்படுத்தமாட்டேன். தேவை இருக்கிறதா என்று நானே பார்க்கிறேன்” என்றார்.

அதை யோகேஸ்வரியிடம் சொன்னேன். ரத்நாயக்க வந்த அன்று, வழக்கம்போலக் கடைசிப் பெட்டியில், நான் பக்கத்தில். கடவை நெருங்கியதும் சாரதி வேகத்தைக் குறைத்தார். பாதை ஓரம் முழுக்க ஊர் நின்றது. ஆர்ப்பாட்டம் இல்லை, பதாகை இல்லை. ஒவ்வொருவரும் எங்கே போகவேண்டுமோ அதற்கு வெளிக்கிட்டு நின்றார்கள். வெள்ளைச் சட்டையில் பிள்ளைகள், கிளினிக் கொப்பியோடு கர்ப்பிணிகள், பயற்றங்காய்க் கட்டோடு கிழவர்கள். ரயில் அவர்களைத் தாண்டியது. ஒருவரும் கை காட்டவில்லை. பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ரத்நாயக்க யன்னலால் தலையை நீட்டி, அவர்கள் மறையும் வரை பார்த்தார். உள்ளே இழுத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அந்த இடத்துக்கு ஒரு பெயர் யோசி” என்றார்.

சல்லியும் மண்ணும் போட்டு, முன்னுக்குச் சீமெந்து கட்டி, ஒரு குட்டி மேடை எழும்பியது. சனமும் கூலியில்லாமல் சிரமதானம் செய்தது. முதல் ரயில் நின்ற காலை நான் அங்கே இருந்தேன். வாழை கட்டி, கும்பம் வைத்து, ஊரே கூடி நின்றது. கார்ட் இறங்கி, முதலாவதாக யோகேஸ்வரியிடம் கேட்டார்: “அம்மா, எங்க போறீங்கள்?”

“தெரியாது மோனை. கனபேரை ஏத்திவிட்டனான். நான் ஒருநாளும் கோச்சியில ஏறினதில்லை. வவுனியாவில எண்டாலும் சரி, கொழும்பில எண்டாலும் சரி, ஏத்து!”

ஏறினா. அவாவுக்குப் பின்னால் பிள்ளைகள், பெண்கள், கிழவர்கள் எல்லோரும் ஏறினார்கள். கார்ட் பச்சைக் கொடியை என் கையில் தந்தார். அது அவருடைய வேலை, விதிப்படி நான் வாங்கியிருக்கக் கூடாது. வாங்கினேன். வீசினேன். ரயில் அசைந்ததும் உள்ளே பெரும் கூக்குரல். யன்னல்கள் முழுக்கத் தலைகள், எல்லாம் வவுனியாப் பக்கம் திரும்பியிருந்தன. ஒருவர்கூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேடையில் நான் மட்டும், கொடியோடு, சிரித்துக்கொண்டு நின்றேன்.